கத்தி வைக்காமலே கண்டுபிடிக்கலாம்!

மாதவிலக்கு நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண் சுருண்டு படுத்தால், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். கல்யாணம் ஆகியும் வலி நிற்காவிட்டால், "ஒரு குழந்தை பிறக்கட்டும்" என்பார்கள். அந்தக் குழந்தை பிறப்பதற்கே தடையாக நிற்பது, வலியை உண்டாக்கும் அதே வியாதியாக இருக்கலாம் என்பது அநேகருக்குத் தெரியாது.

அந்த வியாதிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பெயர் வாயில் நுழையவில்லையே என்று மலைக்காதீர்கள். கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மீதோ மூத்திரப்பையின் மீதோ வளர்வதுதான் இந்த நோய். மாதந்தோறும் அங்கேயும் இரத்தம் கசியும். வெளியேற வழி இராது. நாளடைவில் அந்த இடம் ரணமாகித் தழும்பேறி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகமெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

இத்தனை பேருக்கு வரும் வியாதியைக் கண்டுபிடிக்க ஏன் வருஷக்கணக்கில் ஆகிறது? வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது ஒரு காரணம். வயிற்றில் சிறு துளையிட்டு, குழாய் வழியாக உள்ளே பார்த்தால்தான் நிச்சயம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது மற்றொரு காரணம். அதுதான் லாபரோஸ்கோப்பி. மயக்க மருந்து, ஆபரேஷன், செலவு என்றால் யார்தான் உடனே சம்மதிப்பார்கள்?

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. இந்தத் துறை டாக்டர்களின் ஐரோப்பியச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில், எல்லோருக்கும் முதலில் லாபரோஸ்கோப்பி அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. நோயாளி சொல்லும் உபாதைகளையும் ஸ்கேன் படத்தையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம்.

உலோகத்தில் விரிசல் உண்டா என்று தொழிற்சாலைகளில் ஒலி அலைகளால் சோதிப்பார்கள். அந்தக் கருவியை மனித வயிற்றின் மீது வைத்துப் பார்த்தவர் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்ட். அவரும் நண்பர்களும் 1958-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பெண்களுக்கான ஸ்கேன்.

ஆனால் எல்லா ஸ்கேனும் ஒன்றல்ல. 2016-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, இந்த நோயைத் தேட நான்கு படிகளை வகுத்தார்கள். முதலில் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் பார்ப்பது. பழைய இரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி' இருந்தால், தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். இரண்டாவது, எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது, சினைப்பை அசைகிறதா என்று கவனிப்பது. மூன்றாவது, கர்ப்பப்பையை மெல்ல அழுத்திப் பார்ப்பது. எண்ணெய் தடவிய கல்லில் தோசை நகர்வதுபோல அது குடலின் மீது வழுக்கிப் போக வேண்டும். போகாவிட்டால், ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நான்காவது, குடலிலும் மூத்திரப்பையிலும் ஆழமாகப் பதிந்த முடிச்சுகளைத் தேடுவது.

இதற்குப் பிறப்புறுப்பின் வழியாக மெல்லிய கோல் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. கல்யாணமாகாத பெண்களுக்கு அது வேண்டாமென்றால் வயிற்றின் மேலிருந்தே பார்க்கலாம், எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கலாம்.

சகோதரிகளே, இங்கேதான் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ஸ்கேன் எடுத்தால், குடலில் உள்ள முடிச்சு கண்ணில் படாமலே போகலாம். ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: எந்தெந்த நாட்களில் வலி, பள்ளிக்கூடமோ வேலையோ எத்தனை நாள் தடைப்படுகிறது, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, தாம்பத்திய உறவின்போது வலிக்கிறதா. ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில், "எண்டோமெட்ரியோசிஸ் உண்டா என்று பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். மேலாகப் பொட்டுப் பொட்டாகப் படர்ந்திருப்பது ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருந்தும் வலி தொடர்ந்தால், மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டும். அப்போது வேண்டுமானால் லாபரோஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம். "ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, எல்லாம் உன் மனப்பிராந்திதான்" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள்.