கொடி பிடித்த கை கணக்கும் கேட்கட்டும்!

பார்சிலோனா கால்பந்துக் கழகத்தின் காம்ப் நூ அரங்கில், 2014 ஏப்ரல் 5 அன்று, ரசிகர்கள் ஒரு மாபெரும் பதாகையை விரித்தனர். "லா மாசியாவைத் தொடாதே" என்பது அதன் பொருள். மூன்று நாட்களுக்கு முன்புதான், உலகக் கால்பந்தை ஆளும் பிபா அமைப்பு அந்தக் கழகத்துக்குத் தண்டனை விதித்திருந்தது. குற்றம் என்ன? 2009 முதல் 2013 வரை, 18 வயது நிரம்பாத அயல்நாட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் விஷயத்தில் விதியை மீறியது. தண்டனை என்ன? ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பருவங்கள் இரண்டில் யாரையும் சேர்க்கத் தடை. 4,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம்.

கதிர் அறுக்கும் தோழனுக்கும், ரயிலடியில் மூட்டை சுமக்கும் தோழனுக்கும் ஐரோப்பியப் பந்தாட்டத்தில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை இருக்கிறது. அந்தத் தோழர்களின் பிள்ளைகள்தான் இன்று மெஸ்ஸியின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து, நள்ளிரவு வரை கைபேசியில் ஆட்டம் பார்க்கிறார்கள். அது ஒன்று. மற்றொன்று, ஏழை வீட்டுப் பிள்ளையை யார், எங்கே, என்ன நிபந்தனையின் பேரில் அழைத்துப் போகிறார்கள் என்பதே இந்த வழக்கின் சாரம். காவிரிக் கழனிக்கு அது புதிய வழக்கா? பழைய வழக்கு அல்லவா!

மாசியா என்றால் கத்தலான் மொழியில் பண்ணை வீடு. 1702-ல் கட்டப்பட்ட ஒரு பண்ணை வீட்டைத்தான் அந்தக் கழகம் 1979-ல் இளம் ஆட்டக்காரர்களின் விடுதியாக்கியது. ஆட்டக்காரர்களை விளைவிக்கும் நாற்றங்கால் அது. இனியெஸ்டா அங்கே வளர்ந்தவர். அர்ஜென்டினாவிலிருந்து 13 வயதில் வந்த மெஸ்ஸியும் அந்த நாற்றங்காலில் தேறியவரே. ஆகவே அதன்மேல் கை வைத்தபோது ரசிகனின் நெஞ்சு கொதித்தது. கொதித்ததில் வியப்பில்லை. கொதித்தவன் என்ன பேசினான் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். 18 வயது நிரம்பாதவனை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றக்கூடாது. விலக்குகள் சில உண்டு: பந்தாட்டத்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்நாட்டில் குடியேறியிருக்கலாம், எல்லையோரத்து ஊராக இருக்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே என்றால் 16 வயது நிரம்பியவனாக இருக்கலாம். 2001-ல் வந்த இந்த விதி சும்மா வந்ததன்று. ஆப்பிரிக்காவிலிருந்து தரகர்கள் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்து, தேறாதவர்களைத் தெருவிலே விட்டுப் போனார்கள். கையிலே காசில்லை, தாளில்லை, ஊர் திரும்ப வழியில்லை. அப்படிக் கைவிடப்பட்டவர்களுக்காகவே, கேமரூன் நாட்டின் முன்னாள் ஆட்டக்காரர் ழான் குளோட் ம்புவூமின் 2000-ஆம் ஆண்டில் பாரிசில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

இனி ரசிகர்களின் வாதங்களுக்கு வருவோம்.

"எங்கள் கழகம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது, படிப்புக் கொடுக்கிறது. இது குற்றமா?" என்பது ஒரு வாதம். சோறும் படிப்பும் நல்லவைதாம். மறுக்கவில்லை. ஆனால், நல்லவன் என்பதற்காக ஒருவனுக்கு விதியிலிருந்து விலக்குக் கொடுத்தால், அதே வாசல் வழியே நூறு தரகர்கள் நுழைவார்கள். நல்ல முதலாளி ஒருவர் இருக்கிறார் என்பதற்காகத் தொழிற்சாலைச் சட்டத்தைக் கிழித்துப் போடுவோமா?

"தண்டிப்பவன் யோக்கியனா?" என்பது இரண்டாவது வாதம். இதிலே உண்மை இருக்கிறது. 2015 மே மாதம் சூரிக் நகரத்தில் பிபாவின் பெரிய மனிதர்கள் பலர் ஊழல் வழக்கில் கைதானார்கள். நீதிபதியின் கை சுத்தமில்லை என்றால் நீதிபதியையும் கூண்டிலே ஏற்றுவோம். அதனால் குற்றப்பத்திரிகை பொய்யாகிவிடுமா? ஆகாது. அந்தக் கழகம் விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. 2014 டிசம்பர் 30 அன்று அந்த மன்றமும் முறையீட்டைத் தள்ளிவிட்டது.

"இந்த விதிப்படி பார்த்தால் மெஸ்ஸியே வந்திருக்க முடியாதே!" இதுதான் வலுவான வாதம். மெஸ்ஸி வந்தார், மருத்துவச் செலவைக் கழகம் ஏற்றது, தந்தையும் உடன் இருந்தார், உலகம் வியக்கும் ஆட்டக்காரர் ஆனார். ஆனால் தோழர்களே, பரிசுச் சீட்டு விற்பவன் பரிசு விழுந்தவனின் படத்தைத்தான் கடை வாசலில் மாட்டுவான். விழாதவர்களின் படத்தை மாட்ட அவனுக்குச் சுவர் போதாது. விதி செய்யப்பட்டது, படம் மாட்டப்படாத அந்தப் பிள்ளைகளுக்காக.

தண்டனையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜப்பானிலிருந்து 10 வயதில் வந்த குபோ, ஆட அனுமதி கிடைக்காமல் 2015-ல் ஊர் திரும்பினார். கொரியாவின் லீ சூங் வூ 18 வயது நிரம்பும்வரை காத்துக் கிடந்தார். கழகம் அபராதம் கட்டியது. பிள்ளைகள் தங்கள் இளமையின் ஆண்டுகளைக் கட்டினார்கள். ரசிகன் கோபப்பட வேண்டிய இடம் இதுவே. ஆனால் அந்தக் கோபம் யார்மீது பாய வேண்டும்? விதி தெரிந்திருந்தும் பிள்ளைகளை அழைத்துவந்தவர்கள்மீது அல்லவா?

லண்டன் செல்சி கழகத்தின் கதையும் உண்டு. 2019 பிப்ரவரியில் பிபா அதற்கும் இரண்டு பருவத் தடையும் 6,00,000 பிராங்க் அபராதமும் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடுவர் மன்றம், மீறல் உண்டு, ஆனால் பிபா சொன்னதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டு, தடையையும் அபராதத்தையும் பாதியாக்கியது. இதில் பாடம் என்ன? விசாரணையை வரவேற்றுத் தாள்களை எடுத்து வைத்தால், மிகையான குற்றச்சாட்டு தானே உதிரும். கூச்சலால் உதிராது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து நம் பாட்டன்மார் மலேயாவுக்குக் கப்பலேறியபோது என்ன நடந்தது? கங்காணி வந்தான். நம்மூர்க்காரன்தான், நம் மொழி பேசுபவன்தான். கையில் முன்பணம் கொடுத்தான். "அங்கே போனால் பிழைத்துக்கொள்வாய்" என்றான். பிழைத்தவர்களும் உண்டு. ரப்பர்க் காட்டில் மடிந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் யார்? 1938-ல் அரசு அந்த ஆள் பிடிப்புக்குத் தடை விதித்தபோதுதான் கங்காணியின் முன்பணம் ஓய்ந்தது. இந்த மண்ணிலேயே, பண்ணையாளின் பிள்ளை பண்ணைக்கே மாடு மேய்க்கும் என்பது எழுதாத சட்டமாய் இருந்தது. போராடிப் போராடித்தான் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்நாளிலும் "எங்கள் மிராசுதார் நல்லவர்" என்று சொன்னவர்கள் உண்டு.

விளையாட்டுப் பயிற்சிக் கூடத்தைப் பண்ணை என்று நாம் சொல்லவில்லை. பந்து நம் பிள்ளைக்கு விடுதலையாகவும் அமையலாம். அமைய வேண்டும் என்பதே நம் ஆசை. தஞ்சை அன்னை சத்யா அரங்கத்தில் ஓடும் பிள்ளை நாளை நாட்டுக்காக ஆடினால் நம்மைவிட மகிழ்பவர் யார்? ஆனால் பிபாவின் இந்த விதி நாடு விட்டு நாடு செல்வதற்கே வேலி. ஒரத்தநாட்டுப் பிள்ளை சென்னைக்கோ வடநாட்டுக்கோ போனால் அந்த வேலி அவனைக் காக்காது. அங்கே பெற்றோரின் கேள்விதான் வேலி.

ஆகவே கேளுங்கள்! பள்ளிப் படிப்பு தொடருமா? பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் யார் கையில் இருக்கும்? வயதைக் குறைத்து எழுதச் சொல்கிறார்களா? கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? தேறவில்லை என்றால் ஊர் திரும்பப் பயணச் செலவு யார் தருவார்? தேர்வுக்கு அழைத்துப் போகப் பணம் கேட்பவன் எந்தக் கழகத்தின் ஆள்? எழுத்தில் கொடுப்பானா? இத்தனைக்கும் நேரே பதில் சொல்பவன் நம்பத்தக்கவன். "பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள்" என்று அதட்டுபவன் புதுச் சட்டை போட்ட கங்காணி.

இன்னொன்றும் உண்டு. நாடு விட்டு நாடு ஆட்டக்காரனை விற்கும்போது, 12 வயது முதல் 23 வயது வரை அவனுக்குப் பயிற்சி தந்த கழகங்களுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காடு சேர வேண்டும் என்பது பிபாவின் விதி. பதிவும் தாளும் இல்லாத ஊர்க் குழுவுக்கு அந்தப் பங்கு எப்படி வந்து சேரும்? ஆகவே நம் ஊர்க் குழுக்கள் முறையாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாற்று விட்டவனுக்கும் விளைச்சலில் பங்கு உண்டு என்பது நாம் அறிந்த நியாயம்தானே?

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு சொல். கொடியின்மீது பற்று வைப்பது எப்படி என்று எவரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதனாலேயே அந்த ரசிகனை நமக்கு நன்றாகப் புரிகிறது. தன் கொடியைக் குறை சொன்னால் அவனுக்குத் தன் தாயைக் குறை சொன்னது போல் வலிக்கிறது. ஆனால் கழகம் என்பது அதன் நிர்வாகிகளின் சொத்தன்று. மழையில் நனைந்து அரங்கை நிரப்புபவனுடையது. அதன் சட்டையை அணியக் கனவு காணும் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேள்வி எழும்போது நிர்வாகிகளுக்குக் கேடயமாய் நிற்பது பற்றாகாது. "எங்கள் பிள்ளைகளின் கணக்கை எடுத்து வை" என்று முதல் வரிசையில் நின்று கேட்பதே பற்று. பந்தாட்டக் கழகத்துக்கு இது பொருந்தும், சங்கத்துக்கும் பொருந்தும், கட்சிக்கும் பொருந்தும். கணக்குக் கேட்ட தொண்டனால் எந்தக் கொடியும் சாய்ந்ததில்லை. கேட்க ஆளில்லாத கொடிதான் ஒரு நாள் கம்பத்திலேயே நைந்துபோகும்.