சக்கரத்துக்கு நாடி பார்க்கலாம்

கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டார் வைத்தியம் புதிய வித்தை அல்ல. திராட்சைக்கும் வாழைக்கும் நீர் இறைக்கும் பம்ப்செட் மோட்டார் புகைந்தால், காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், மறுபடி ஓடும். மின்சார ஸைக்கிளின் மோட்டார் மக்கர் செய்தால் மட்டும், "அவ்வளவுதான், புதுசு வாங்கவேண்டியதுதான்!" என்று கையை விரித்து விடுகிறோம். அவசரப்பட வேண்டாம்.

லோயர் காம்ப் பார்த்திருப்பீர்கள். 1895-ல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையிலிருந்து குழாய்களில் இறங்கி அங்கே யந்திரத்தைச் சுற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. ஸைக்கிளில் நடப்பது நேர் எதிர்: மின்சாரம் பாய்கிறது; சக்கரம் சுற்றுகிறது. இரண்டுக்கும் காந்தமும் கம்பிச் சுருளும்தான் மூலதனம். ஆகவே சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஸைக்கிள் மோட்டாரும் ஒரு குட்டி மின்சார நிலையமே! நோயைக் கண்டுபிடிக்க அந்தக் குணம் போதும்.

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு அச்சு முனையைப் பாருங்கள். வண்டி அந்தப் பக்கம் விழுந்தாலும், நட்டு தளர்ந்து அச்சே திருகிக்கொண்டாலும், ஒயர் அறுபடுவது அங்கேதான்.

அடுத்தது, மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்கள். அவற்றைக் கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் வைத்து, சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். (உள்ளே பல்சக்கரம் வைத்த மோட்டாரானால் பின்னோக்கிச் சுற்ற வேண்டும்.) முன்பு முரண்டிய சக்கரம் இப்போது லேசாகச் சுழன்றால் மோட்டார் பிழைத்தது, கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள். இன்னமும் முரண்டினால் சுருள் கருகியிருக்கலாம். பிறகு இரண்டிரண்டு ஒயராகக் கிளிப்பால் இணைத்துச் சுற்றுங்கள். மூன்று ஜோடியிலும் சக்கரம் ஒரே மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காத ஜோடியில் ஒயர் அறுந்திருக்கிறது.

வண்டி நடுங்குகிறது, உறுமுகிறது, நகரமாட்டேன் என்கிறதா? மெல்லிய ஒயர்களைப் பாருங்கள். காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சேதி சொல்லும் மூன்று 'ஹால்' உணர்விகளின் ஒயர்கள் அவை. 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவால் வந்த பெயர். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பாட்டரியையும் இணைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே சுமார் 5 வோல்ட் இருக்க வேண்டும். சக்கரத்தை மெதுவாகத் திருப்பினால் மற்ற மூன்றிலும் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நிற்கும் ஒயரில்தான் கோளாறு.

வீட்டு வைத்தியம் இத்துடன் நிற்கட்டும். மோட்டாரைப் பிளந்தால் காந்தம் விரலை நசுக்கும். பாட்டரியைத் திறக்கவே கூடாது, தீப்பிடிக்கும். சுருள் கருகியிருந்தால், இந்த வகை மோட்டாரில் பழகிய கையிடம் கொடுங்கள். பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் சுற்றிய சுருள் அது. பம்ப்செட் கணக்கு இதற்கு ஒத்து வராது. கூலி புது மோட்டார் விலையை நெருங்கினால், புதியதே மேல்.

இன்னொரு விஷயம். பதிவு வேண்டாத வண்டியின் மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டது. லோயர் காம்பிலிருந்து குமுளி மலைப் பாதையில் அதை மட்டும் நம்பி ஊர்ந்து ஏறாதீர்கள். பாரத்தோடு சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதுதான் சுருள் அதிக மின்சாரம் இழுத்துக் கொதிக்கிறது. பெடலையும் மிதியுங்கள். அதைக் கம்பெனிக்காரர் அழகுக்காக வைக்கவில்லை!