எதிராளிக்குப் பின்னால் நிற்பவர் யார்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் காலையில் கடை திறந்ததும் பலசரக்கு அண்ணாச்சி முதலில் விசாரிப்பது, “எதிர்க்கடைல துவரம்பருப்பு என்ன விலை போட்டிருக்கான்?” என்பதைத்தான். தேவையான விசாரிப்புதான். ஆனால் இன்றைக்கு அது போதாது; எதிராளிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்றும் விசாரிக்க வேண்டும்.

இந்த மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை நேருக்கு நேர் எதிர்கொண்டது. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பலை, பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்கடியால் உரிமையாளர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்தவர் கப்பலை நம்பினால் எந்த நேரமும் கழுத்து நெரிபடும் என்று வ.உ.சி. கண்டுகொண்டார், 1907-ல் காலியா, லாவோ என்ற கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன. எதிராளியின் நகர்வைப் படித்து எடுத்த முடிவு அது. வெள்ளைக்காரக் கம்பெனி தூத்துக்குடி-கொழும்புப் பயணக் கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றுகூட ஆசைகாட்டியது. அப்போதும் சுதேசிக் கம்பெனி தாக்குப்பிடித்தது.

அதைச் சாய்த்தது கட்டணப் போட்டி மட்டுமல்ல, அரசாங்கமும்தான். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை, 1911-லேயே கலைத்துவிட்டார்கள். எதிராளிக்குப் பின்னால் ஆட்சியே நிற்பதை அவர் அறியாதவரல்லர். அவர் சிறைக்குள் போனபின் கம்பெனியைக் கட்டிக்காக்கத்தான் ஆளில்லை. என் பார்வையில் பெரிய இழப்பு அங்கேதான் நடந்தது.

இப்போது அண்ணாச்சியிடம் வருவோம். பத்து ரூபாய் குறைத்து விற்கும் எதிர்க்கடைக்காரர், அவரைப்போலவே கடன் வாங்கிச் சரக்கு எடுப்பவர். அடக்கவிலைக்கும் கீழே கொடுத்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும் செல்போன் செயலி அப்படியல்ல. அதன் நட்டத்தை எங்கோ இருக்கும் முதலீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் சுமப்பார்கள். கடைகள் மூடிய பிறகு விலை எங்கே போகும் என்பதை வாங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும்.

சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம், போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கவிலைக்குக் கீழே விற்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆதிக்கத்தை நிரூபிப்பது தனி ஒரு கடைக்காரரால் ஆகிற காரியமல்ல. ஆனால் வணிகர் சங்கமும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். நம்மூர்ச் சங்கங்கள் இன்றே பொருள்வாரியாகக் கொள்முதல் பில்களையும் செயலிகளின் விலைகளையும் தேதியோடு சேர்த்துவைக்கத் தொடங்க வேண்டும்.