நிரல் எழுதுவோர்க்கு வேண்டுவது யாது?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுந் தொழில் இந்நாளில் நம் மாணவர் பலர்க்கு வாழ்வளிக்குந் தொழிலாய் அமைந்துள்ளது. எனினும், நிரல் எழுதக் கற்றார் அனைவரும் அதனை வகுத்தமைக்கக் கற்றவர் ஆகார். விடை சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோரே நம்முள் மிகுதி. இவ்வெண்ணம் தவறுடைத்து என்பதும், நிரலைச் செயற்கூறுகளாகவும் தொகுதிகளாகவும் பகுத்தமைக்கும் பயிற்சியே கல்லூரியில் முதற்கண் அளிக்கத்தக்கது என்பதும் என் கருத்து. இதனை நூலறிவு கொண்டு மட்டும் கூறுகின்றேனல்லேன்; பட்டறிந்தே கூறுகின்றேன்.

செஞ்சியை அடுத்த வல்லம் பகுதியில் கறவை மாடு வளர்த்துப் பிழைப்போர் பலர் உளர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்பக்கத்திற் பால் கொள்முதல் செய்யும் ஓரிடத்திற்கு யான் ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். பாலின் அளவு, கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் ஆகிய மூன்றையும் கொடுப்பின், அது கொடுக்கவேண்டிய தொகையைக் கூறும். விலை விகிதத்தை நிரல் முழுமைக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்திருந்தேன். பல திங்கள் அது பிழையின்றி நடந்தது. ஒருநாள் விலை உயர்ந்தது. புதிய விகிதத்தை அப்பொதுவிடத்தில் இட்டேன். அன்று மாலையே, பத்து நாட்களுக்கு முன்னர்ப் பால் ஊற்றிய ஓர் அம்மையார், தம் சீட்டு நனைந்துவிட்டதென்று வேறொன்று கேட்டார். நிரலோ பழைய பாலுக்குப் புதிய விலை போட்டுக் கொடுத்தது. ஒரே பாலுக்கு இரு தொகை! "இதிலே எது தம்பி சரியான கணக்கு?" என்று அவர் இரு சீட்டுகளையும் நீட்டி வினவியபோது யான் நாணி நின்றேன். அன்று விலை உயர்ந்தமையால் அவர்க்கு இழப்பில்லை. குறைந்திருப்பின், அவர் உழைப்பின் ஊதியமன்றோ குறைந்திருக்கும்? குற்றம் பொறியினதன்று, என்னதே.

இத்தகைய பிழை தோன்றுதற்கே இடங்கொடாத முறையொன்று உண்டு. அதுவே செயற்கூறு வழி நிரலாக்கம் எனப்படுவது. தனக்கு வேண்டியன யாவற்றையும் வெளிப்படையாகக் கேட்டுப் பெற்று, விடையை மட்டும் திருப்பித் தந்து, புறத்தே உள்ள எதனையும் மாற்றாது விடுவது தூய செயற்கூறு. ஒரே பொருள்களைக் கொடுத்தால் என்றும் ஒரே விடையே அது தரும். என் நிரலில், நாளைக் கொடுத்தால் அந்நாளின் விகிதத்தைத் தருவது ஒரு செயற்கூறாகவும், அவ்விகிதத்தோடு பாலின் அளவுகளையும் பெற்றுத் தொகை கூறுவது மற்றொன்றாகவும் இருந்திருப்பின், அவ்வம்மையார் எத்துணை முறை கேட்பினும் சீட்டு மாறியிராது. சிறு செயற்கூறுகளை ஒன்றோடொன்று இசைத்துப் பெருஞ் செயல்களைக் கட்டுவதே இம்முறையின் வலிமை என்பதனை ஜான் ஹியூஸ் என்பார் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் விரித்துரைத்தார்.

செயற்கூறுகள் பலவாயவிடத்து அவற்றைத் தொகுதிகளாக அடுக்குதல் வேண்டும். எவ்வாறு அடுக்குவது? வேலை நடக்கும் வரிசைப்படி, முதலிற் படித்தல், பின்னர்க் கணக்கிடல், இறுதியில் அச்சிடல் எனப் பிரிப்பதே பலர்க்கும் தோன்றும் வழி. டேவிட் பார்னாஸ் என்பார் 1972-இல் இதனை மறுத்து, பின்னர் மாறக்கூடியது எதுவோ அதனை ஒரு தொகுதிக்குள் மறைத்து வைத்தலே தக்கது என்று காட்டினார். விலை விதி மாறும். ஏட்டில் பதியும் முறை மாறும். சீட்டின் வடிவம் மாறும். இம்மூன்றும் மூன்று தொகுதிகளாயின், ஒன்றைத் திருத்துவோன் மற்றிரண்டைத் தொட வேண்டுவதில்லை.

இவ்வொழுங்கு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும் வகுக்கப்பட்டதன்றோ? நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம் எனப் பெயரிட்டு இலக்கணங் கூறியவரும் அந்நூலாசிரியரே. சிறியது சேர்ந்து பெரியதாதல் எவ்வாறு என்பதனை நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். இக்காலத்திலும், 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூல் செயற்கூறு என்னும் பாடத்தோடேயே தொடங்கியது. தூயது, தூயதல்லாதது என்னும் வேறுபாட்டையும் கற்பித்தது. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தார் ஹாஸ்கெல் என்னும் செயற்கூறு வழி மொழியை இளநிலை மாணவர்க்குக் கற்பித்து வந்துள்ளனர். பள்ளியிற் கேட்டதனைக் கல்லூரியில் மறந்துவிடுதல் நமக்கு அழகோ?

இதற்குத் தடை கூறுவாரும் உளர். உலகில் எல்லாம் மாறுகின்றன. ஏட்டில் எழுதவும் அச்சிடவும் வேண்டும். மாற்றமே இல்லா நிரலால் பயன் என்னை என்பர். மெய்யே. ஆயினும் மாற்றத்தை விலக்குக என்று யாம் கூறவில்லை. அதனை நிரலின் எல்லையில் ஓரிடத்தில் நிறுத்தி, நடுவிலுள்ள கணக்கைத் தூயதாக வைக்க என்றே கூறுகின்றோம். இனி, மூன்று வரிக்கு ஒரு செயற்கூறு எனக் கண்டபடி நறுக்குவதும் குற்றமே. ஒரு செயற்கூறின் பெயரைக் கொண்டே அதன் தொழிலை உணர இயலுமாயின் பிரிவு நன்று. பெயரிட இயலாது திகைப்பின் பிரிவு தவறு.

ஆதலின், நம் ஆசிரியப் பெருமக்களுக்கு யான் பணிந்து கூறுவது ஒன்றுண்டு. செய்முறைத் தேர்வில் புதிய நிரல் எழுதச் சொல்வதோடு அமையாது, சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிய நிரலைக் கையிற் கொடுத்து, அதில் ஒரு விதியை மட்டும் மாற்றுமாறு பணித்திடுக. நன்கு வகுத்த நிரலாயின் சிறு பொழுதில் முடியும்; அல்லாததாயின் நாள் முழுதும் போதாது. பிறர்க்கு எழுதுகின்றோம் என்னும் உணர்ச்சி மாணவர்க்கு அதனால் உண்டாகும்.

மாணவ நண்பர்களே! நீவிர் எழுதும் நிரலின் மறுமுனையில் யாரோ ஒருவர் சீட்டை நீட்டி நிற்கின்றார். அவர் வினாவிற்கு ஐயமின்றி விடை கூற வல்லதாய் உம் நிரலை வகுத்தமைப்பீராக.