ஒரு வீரனுக்கு எத்தனை தொழில்?

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று நம் முன்னோர் கூறி வைத்தனர். ஆயினும் அதே முன்னோர்தாம் வில்லும் வேதமும் ஒருங்கே கற்ற துரோணரைப் போற்றினர். அரியணையில் அமர்ந்துகொண்டே ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றிய பல்லவன் மகேந்திரவர்மனையும் கொண்டாடினர். ஒருவன் ஒரு தொழிலில் நிலைத்து நிற்பதா, இரண்டைச் சேர்த்துக்கொள்வதா என்னும் வினா பழையது. முடிந்த முடிபு காணாதது.

அவ்வினா இப்பொழுது பதுளை, பண்டாரவளைப் பகுதி இளைஞரிடையே புதியதொரு கோலத்தில் உலவுகின்றது. “சேர், போர்வீரனோடு மந்திரவாதியைச் சேர்க்கலாமா? எந்தப் படியில் சேர்ப்பது?” என்று மாணாக்கர் வினவுகின்றனர். அவர்கள் கேட்பது கணினி விளையாட்டைப் பற்றி. பெற்றோர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பர். விளையாடும் நேரத்துக்கு எல்லை வேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் இவ்வினாவினுள் அடங்கியுள்ள கணக்கு வீட்டிலுள்ள அனைவருக்கும் பயன்படுவது. ஆதலின் இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

இத்தகைய விளையாட்டுகளுக்கு மூலம், 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். மேசையைச் சுற்றி அமர்ந்து தாளும் பகடையும் கொண்டு ஆடிய ஆட்டம் அது. ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பர். அப்பாத்திரத்துக்குப் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்றில் ஒன்று உரியதாகும். அடுத்த ஆண்டில் திருடன் நான்காவதாகச் சேர்ந்தான். இவற்றை ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ என்பர். வகுப்பு என்றால் பாடசாலை வகுப்போடு மயங்குமாதலின், நாம் ‘தொழில்’ என்றே வழங்குவோம். வெற்றிதோறும் பாத்திரத்துக்கு அனுபவப் புள்ளி சேரும். புள்ளி நிறைந்தால் அது தன் தொழிலில் ஒரு படி ஏறும்.

இவ்விதிகளைத் தழுவிக் கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் ஆக்கிய கணினி விளையாட்டு ‘போல்டர்ஸ் கேட்’. இன்று அதனைக் கைப்பேசியிலும் ஆடலாம். அதில் இரு தொழில் கொள்வதற்கு இரு வழிகள் உண்டு.

எல்ஃப் முதலிய மனிதரல்லாத இனத்தவர், தொடக்கம் முதலே இரு தொழிலையும் உடன்கொண்டு செல்லலாம். ஈட்டும் புள்ளி இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். பாதியாகப் பிரித்தால் ஆற்றலும் பாதியாகுமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். விரிவுப் பகுதியோடு கூடிய முதலாம் ஆட்டத்தில் ஒரு பாத்திரம் ஈட்டக்கூடிய உச்சம் 1,61,000 புள்ளி. போர்வீரன் மட்டுமாக இருப்பவன் அதைக்கொண்டு எட்டாம் படியை அடைவான். மந்திரவாதி மட்டுமாக இருப்பவன் ஒன்பதாம் படியை அடைவான். இரண்டையும் சேர்த்தவனுக்குத் தொழில் ஒன்றுக்கு 80,500 புள்ளி கிடைக்கும். அவன் இரண்டிலும் ஏழாம் படியில் நிற்பான். இழப்பு ஒரு பக்கம் ஒரு படி, மறு பக்கம் இரண்டு படிதான்!

காரணம் யாது? அவ்வாட்டத்தில் மேற்படிகளின் விலை ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போகின்றது. போர்வீரன் ஆறாம் படிக்கு 32,000 புள்ளியும், ஏழாம் படிக்கு 64,000 புள்ளியும், எட்டாம் படிக்கு 1,25,000 புள்ளியும் ஈட்ட வேண்டும். கடைசிப் படி ஒன்றுக்குச் செலவிடும் உழைப்பைக்கொண்டு வேறொரு தொழிலைப் பெரும்பாலும் கற்றுவிடலாம். படியேற்றத்தின் விலை இவ்வாறு இருக்குமிடத்தில் இரண்டாம் தொழில் மலிவு.

மனிதருக்கு உரிய வழி வேறு. மனிதன் முதல் தொழிலை நிறுத்திவிட்டு இரண்டாவதை முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். பழைய தொழிலின் உடலுறுதி எஞ்சும். அதன் திறமைகள் மறைந்துவிடும். புதிய தொழிலில் பழைய படியைத் தாண்டும்வரை அவை மீளா. தாண்டிய அன்று அனைத்தும் ஒருங்கே திரும்பும். இதனைக் காணும்போது விசுவாமித்திரர் நினைவுக்கு வருகின்றார். அரசராயிருந்தவர் படையைத் துறந்து தவத்தை அடியிலிருந்து தொடங்கினார்; தவறினார், மீண்டும் தொடங்கினார். பிரம்மரிஷியான பின்னரே அவருடைய படைக்கல அறிவு பயன்தந்தது. அப்போதும் தாம் ஏந்தாது இராமனுக்கு வழங்கினார்.

இவ்வழியில் காலம் அறிதல் பெரிது. ஏழாம் படியில் நின்று மாறும் போர்வீரன் 64,000 புள்ளி செலவிட்டிருப்பான். எட்டாம் படி மந்திரவாதி ஆக இன்னும் 90,000 வேண்டும். இரண்டும் சேர்ந்து 1,54,000, உச்சத்துக்குள் அடங்கும். “இன்னும் ஒரு படி ஏறிவிட்டு மாறலாம்” என்று எட்டாம் படிவரை காத்திருப்பவனுக்கோ 1,25,000 சென்றிருக்கும். ஒன்பதாம் படி மந்திரவாதியாக மேலும் 1,35,000 வேண்டும். உச்சம் இடங்கொடாது. அவன் வாள்வித்தை அவ்வாட்டம் முடியும்வரை மீளாது.

இனி, புதிய விதியைக் காண்போம். மூல விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு வெளிவந்தபோது, படியேறும் ஒவ்வொரு முறையும் எத்தொழிலில் ஏறுவது என்று எவரும் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ‘போல்டர்ஸ் கேட் 3’ இவ்வழி வந்ததே. அதில் தொழில் பன்னிரண்டு. ஏறக்கூடிய படியும் பன்னிரண்டே. இங்கே ஒன்றுக்குக் கொடுத்த படி மற்றொன்றிலிருந்து பிடுங்கிய படியாகும். தனி மந்திரவாதி பதினோராம் படியில் ஆறாம் தர மந்திரத்தை எட்டுவான். தனிப் போர்வீரன் அதே படியில் ஒரே முறையில் மூன்று அடி அடிக்கும் வன்மை பெறுவான். ஆறும் ஆறுமாகப் பிரித்தவனுக்கோ மூன்றாம் தர மந்திரமும் இரண்டு அடியுமே மிஞ்சும். பழைய ஆட்டத்தில் மலிவாயிருந்த சரிபாதிப் பங்கீடு இங்கே பெருநட்டம்!

ஆகவே புதிய ஆட்டத்தில் தொழில் சேர்ப்போர் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவது, ஒன்றை ஐந்தாம் படிவரை கொண்டுசெல்லுதல். போர்வீரனுக்கு இரண்டாம் அடியும், மந்திரவாதிக்கு மூன்றாம் தர மந்திரமும் அப்படியில்தான் கிடைக்கின்றன. அதற்குமுன் கிளைத்தவன், பகைவர் வலுக்கும் காலத்தில் தான் மெலிந்து நிற்பான்.

இரண்டாவது, ஒரே வேரில் கிளைக்கும் தொழில்களைத் தேர்தல். பாத்திரத்துக்கு வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு இயல்புகள் உண்டு. பாலடின் என்னும் அறவீரனுக்கும் சோர்சரர் என்னும் பிறவி மந்திரவாதிக்கும் மந்திர ஆற்றல் வசீகரத்திலிருந்தே வருகின்றது. ஆதலின் அவ்விரண்டும் நன்கு பொருந்தும். வலிமையை வேண்டும் போர்வீரனையும், அறிவை வேண்டும் மந்திரவாதியையும் சேர்ப்பவன் இரண்டு வேருக்கும் நீர் வார்க்க வேண்டும்.

மூன்றாவது, பெறுவதோடு இழப்பதையும் எழுதிப் பார்த்தல். ஒரே ஒரு படி வேறிடம் சென்றாலும் முதல் தொழிலின் பன்னிரண்டாம் படியும், அங்கு கிடைக்கும் சிறப்புத் திறனும் போய்விடும். ஒரே பயன் இரு தொழிலில் இருந்தால் அது இரட்டிக்காது என்பதையும் மறத்தல் ஆகாது. போர்வீரன், பாலடின் இருவரிடத்தும் ஐந்தைந்து படி ஏறியவனுக்கும் அடி இரண்டே.

இக்கணக்கை மாணாக்கர் தம் கல்விக்கும் பொருத்திப் பார்க்கலாம். உயர்தரத்தில் மூன்று பாடம். இசட் புள்ளியைக் கொண்டே பல்கலைக்கழக அனுமதி. அங்கே மேற்படிகளிலேதான் பயன் குவிந்துள்ளது. கவனத்தைச் சரிபாதியாகச் சிதறவிடுதல் கேடு. “அகல உழுவதிலும் ஆழ உழு” என்பதே அங்கு நெறி. சிங்களமோ ஆங்கிலமோ கற்பது வேறு கணக்கு. அதன் தொடக்கப் படிகள் மலிவானவை, பயனோ பெரிது. பதுளைக் கடைத்தெருவிலும், அலுவலகத்திலும், வைத்தியசாலையிலும் இரு மொழி பேசுபவனுக்குத் திறக்கும் கதவுகள் ஒரு மொழியோடு நிற்பவனுக்குத் திறப்பதில்லை. எத்தொழிலைத் தேர்ந்தவனும் இதனை உடன்சேர்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டும் வாழ்வும் வேறுபடும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். பழைய விதியில் பிறப்பைக் கொண்டே தொழில் வரையறுக்கப்பட்டிருந்தது. குள்ளர் இனத்தவன் மந்திரவாதியாதல் இயலாது. அறவீரனாகும் உரிமை மனிதனுக்கு மட்டுமே. அவ்விதியை 2000ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு வரியில் அழித்துவிட்டது. லயத்தில் பிறந்த பிள்ளை பெரட்டுக் களத்துக்கே உரியது என்ற எழுதாத விதியின்கீழ் வாழ்ந்த நம்மவருக்கு அத்துணை எளிதில் விடிவு வரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் பல தொழில்களின் வாயில் அவர்களுக்கு அடைபட்டிருந்தது.

விளையாட்டில் எல்லோரும் சமமான புள்ளிகளோடு தொடங்குவர். தோட்டத்துப் பிள்ளை அவ்வாறு தொடங்குவதில்லை. விளையாட்டில் விரும்பித் தொழிலைச் சேர்ப்பர். நம் தோட்டத்துத் தாயோ பகலில் கொழுந்து பறித்து, மாலையில் மாட்டுக்குப் புல்லறுத்து, பொழுது சாயுமுன் மரக்கறிப் பாத்திக்கும் நீர் வார்க்கின்றாள். ஒரு கூலி போதாமையால் அவள் மேல் விழுந்த தொழில்கள் அவை. ‘போல்டர்ஸ் கேட் 3’இல் நூறு பொற்காசு கொடுத்தால் தேர்ந்த தொழிலை முற்றும் அழித்து மீண்டும் தேர்ந்துகொள்ளலாம். வாழ்வில் உயர்தரப் பிரிவை மாற்றும் பிள்ளை ஓர் ஆண்டைக் கொடுக்கின்றான்; அவ்வாண்டின் செலவைக் கொழுந்துக் கூடை சுமக்கின்றது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொழில் மாறிய மனிதன் தன் பழைய திறமையும் இன்றி, புதியதும் கைவராமல் நிற்கும் இடைக்காலம் ஒன்று உண்டு என்றோமல்லவா? அக்காலத்தில் அவன் உயிர் பிழைப்பது தோழர்களால்தான். அவ்வாட்டத்தில் கூட்டம் அறுவரைக் கொண்டது. ஏனைய ஐவர் முன்னின்று அடிகளைத் தாங்க, அவன் பின்னின்று கற்பான். தோட்டத்து வேலையை விட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் செல்லும் இளைஞனும், தமிழில் கற்று ஆங்கிலத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கும் மாணவியும் அத்தகைய இடைக்காலத்தில் நிற்பவர்களே. முதலாம் ஆண்டில் அவர்கள் தடுமாறுவதைக் கண்டு, “உனக்கு இது சரிவராது, திரும்பி வா” என்று அழைப்பது எளிது. அவ்வாண்டில் குடும்பமும் பாடசாலையும் ஊரும் அந்த ஐவரைப் போல் முன்னே நிற்குமாயின், பழைய படியைத் தாண்டும் நாள் அவர்களுக்கும் வரும்.