கேட்டுவிட்டு க்ளிக் செய்யுங்கள்!

கடலைப் படமெடுக்காத கல்லூரி மாணவர் யாராவது உண்டா? மெரினாவோ, வேளாங்கண்ணியோ, கன்னியாகுமரியோ... டூர் என்று பஸ் ஏறினால், திரும்பி வரும்போது இருநூறு அலைகளாவது கேமராவில் இருக்கும். அத்தனையும் ஒரே மாதிரி இருக்கும் என்பது வேறு விஷயம்!

அலையைப் படமெடுக்கும் நுட்பம் அப்படியொன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கொண்டுபோனால், தெறிக்கும் துளிகள் கண்ணாடி மணிகளைப் போல உறைந்து நிற்கும். ட்ரைபாடில் வைத்து ஒரு நொடி திறந்துவிட்டால், அதே அலை பனிமூட்டம் போல ஆகிவிடும். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதால், விடியற்காலையில் எழுந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. இதையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பலரும் கற்காமல் விடுவது ஒன்றைத்தான். கரையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது.

வங்கி கவுண்டரில் பணம் எண்ணிக்கொண்டிருப்பவரை, அனுமதி கேட்காமல் முகத்துக்கு நேராகப் போய் யாராவது படமெடுப்பார்களா? ஆனால் கிழிந்த வலையைத் தைப்பவரையும், மீன் கூடையோடு நடக்கும் பெண்ணையும் அப்படித்தான் எடுக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சுற்றுலாத் தலமாக இருக்கும் மணல், அவர்களுக்கு வேலை செய்யும் இடம்.

கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. கேட்டால்தான் படத்துக்கே அர்த்தம் கிடைக்கும். ஒரு சின்ன உதாரணம். மே மாதத்தில் தமிழகத்தின் கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றுக்குப் போனால், வரிசையாக விசைப்படகுகள் கட்டி நிற்கும். படமெடுப்பவர் அதற்கு 'அமைதி' என்று தலைப்பு வைப்பார். உண்மையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த அமைதிக்குப் பின்னால் வேலையில்லாத எத்தனை வீடுகள்! அங்கே நிற்கும் ஒருவரிடம் பேசியிருந்தால் தலைப்பே மாறியிருக்கும்.

மூன்றாவது காரணம் உயிர். அலைகள் எப்போதும் ஒரே அளவில் வருவதில்லை. சில நிமிடம் அடங்கிக் கிடந்து, பிறகு பெரியவை கூட்டமாக வரும். அதைவிட ஆபத்தானது கள்ளக்கடல். தெற்கே வெகு தொலைவில் வீசிய புயலில் பிறந்த அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். வானம் தெளிவாக இருக்கும். படமெடுக்க அருமையான நாளாகத் தோன்றும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே விடப்பட்டிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கும் முன், "இன்னைக்குக் கடல் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பதற்கு என்ன செலவு?

"கேட்டால் காசு கேட்கிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். சரி, இலங்கையின் வெலிகமவைப் பார்ப்போம். கடலில் நட்ட கம்பின் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களை ஸ்டீவ் மெக்கரி 1995ல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தொழில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. இன்று அந்தத் தென்கரையில் கம்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகளின் கேமராவுக்காகவே உட்காருகிறார்கள், அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். 'ஏமாற்று' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? வெயிலில் கம்பின் மேல் உட்காருவதும் உழைப்புதான், உழைப்புக்குக் கூலி உண்டு. கூலி கொடுத்து எடுத்த படத்துக்குக் கீழே 'மீன் பிடிக்கும் மீனவர்' என்று எழுதுகிறாரே, அவர்தான் ஏமாற்றுகிறார்!

கேட்கவே முடியாத நேரங்களும் உண்டு. சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் முகம் கவிழ்ந்து அழும் ஒரு பெண். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. அலையே இல்லாத அந்தப் படம்தான் அலை என்ன செய்தது என்பதை உலகத்துக்குச் சொன்னது. இறந்தவரின் முகத்தைக் காட்டாமல் விட்ட அந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு மாணவரும் கவனிக்க வேண்டும். அனுமதி கேட்க முடியாத இடத்தில், எதை விட வேண்டும் என்று எடுப்பவரே தன்னைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சரி என்று சொன்னால், எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒரு பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். அலை நாளைக்கும் வரும், ஒன்றும் அவசரமில்லை!