பிறை இரவும் உடன்பிறந்தோர் அடுக்களையும்

பெருநாளின் இனிமை எங்கே தொடங்குகிறது? தொழுகைத் திடலிலா, புத்தாடையிலா, விருந்துப் பந்தியிலா? பிறை தென்பட்ட செய்தி வந்த இரவில், அடுக்களையில் தேங்காய் துருவும் ஒலியில் தொடங்குகிறது என்பேன். அவ்வொலியை எழுப்பும் கைகள் யாருடையவை என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள். உம்மாவும் சகோதரியும் உள்ளே உழைக்க, வீட்டு ஆண்மக்கள் கடைத்தெருவில் உலவும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது மாறுதல் வேண்டும். பெருநாள் பண்டத்தை உடன்பிறந்தோர் ஒன்றுகூடிச் சமைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

வட்டிலப்பத்தையே சான்றாகக் கொள்வோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெருநாளையும் திருமணத்தையும் இப்பண்டமின்றி எண்ணிப்பார்க்க இயலாது. இலங்கை முஸ்லிம்கள் இதனை வட்டலப்பம் என்பர். முட்டை, தேங்காய்ப்பால், சீனி அல்லது கருப்பட்டி ஆகிய மூன்றுமே இதன் அடிப்படை. ஏலமும் முந்திரியும் மணமும் சுவையும் சேர்ப்பன. மலாய் மக்களின் செரிகாயா என்னும் பண்டமும் இதே மூன்று பொருள்களால் ஆவது. கடல் வணிகம் இணைத்த கரைகளில் பண்டங்களும் உடன்பிறப்புகளாகவே விளங்குகின்றன!

பொருள்கள் எளியவை, பக்குவமோ அரியது. பத்து முட்டைக்கு ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப்பால் என்பது இல்லங்களில் வழங்கும் ஓர் அளவு. முட்டையை நுரை பெருகாமல் அடித்தல் வேண்டும். பாலைப் பிழிந்து வடிகட்டுதல் வேண்டும். ஆவியில் வேகும்போது மூடியில் திரளும் நீர் உள்ளே சொட்டாதபடி துணி கட்டுதல் வேண்டும். முட்டைப் புரதம் 60 பாகை செல்சியசைக் கடந்ததும் இறுகத் தொடங்கும். பாலும் சீனியும் கலந்த நிலையில் 80 பாகையை ஒட்டியே முழுதும் இறுகும். வெப்பம் அதற்கு மேல் மிகுந்தால், இறுகிய கலவை நீரை உமிழ்ந்து துளைதுளையாகிவிடும். ஆதலின் ஒருவர் அடுப்பைக் காக்க, மற்றவர் அடுத்த வட்டிலுக்குரிய கலவையை ஆயத்தம் செய்வதே முறை. இருவர் கை வேண்டும் பண்டம் இது.

இதனை முன்கூட்டியே செய்து வைக்கலாகாதோ எனின், அங்கேதான் பிறை குறுக்கிடுகிறது. ரமலான் 29 நாளில் நிறையுமா, 30 நாளில் நிறையுமா என்பது 29ஆம் நாள் மாலையில்தான் தெரியும். பிழிந்த தேங்காய்ப்பாலோ விரைவில் புளிக்கும் இயல்பினது. ஆகவே பிறைச் செய்தி கிட்டிய வேளைக்கும் காலைத் தொழுகைக்கும் இடைப்பட்ட ஓரிரவில் அத்தனை வேலையும் வந்து குவிகிறது. நாள் முழுதும் நோன்பு நோற்றவள் அவ்விரவு முழுதும் விழித்திருக்கிறாள். விடிந்ததும் விருந்தினரை வரவேற்கிறாள். பந்தி முடிந்த பின்னரே தான் உண்ண அமர்கிறாள். ஒரு வீட்டின் பெருநாளில் பாதிப்பேர்க்கு மகிழ்ச்சியும் பாதிப்பேர்க்கு அயர்ச்சியும் பங்காவது நீதியாகுமா?

அடுக்களை ஆண்மக்களுக்கு உரியதன்று என்பாரும் உளர். அவர்களிடம் வினவ விரும்புவது ஒன்றுண்டு. நம் திருமண விருந்துகளின் பிரியாணியைத் தம் போட்டு இறக்கும் பண்டாரிகள் யாவர்? ரமலான் மாதம் முழுதும் பள்ளிவாசல் வளாகத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோர் யாவர்? வளைகுடா நாடுகளில் அறைத் தோழர்களோடு முறைவைத்துச் சமைத்துண்போர் யாவர்? அனைவரும் ஆடவரே! தமிழிலக்கியமும் இதற்குச் சான்று பகரும். நல்லியக்கோடனின் விருந்தைக் கூறவந்த சிறுபாணாற்றுப்படை, வீமனின் மடைநூல் நெறி வழுவாத உணவு என அதனைச் சிறப்பிக்கிறது. வீமனைப் பெயரால் சுட்டாது, அருச்சுனனின் தமையன் என்றே சுட்டுகிறது. நற்சுவைக்கு நளபாகம் என்று நாம் வழங்கும் பெயரும் ஓர் ஆடவன் பெயரே. ஊருக்குச் சமைத்தால் பெருமை, ஊதியத்திற்குச் சமைத்தால் தொழில், உடன்பிறந்தாளோடு சமைத்தால் மட்டும் இழிவா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் செல்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதற்கு மேலும் ஒரு முன்மாதிரி நமக்குத் தேவையா?

நீதியோடு, உறவு பற்றிய ஒரு காரணமும் உண்டு. உடன்பிறந்தோர் ஒரே கூரையின்கீழ் வாழும் காலம் மிகக் குறுகியது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான ஆண்மகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வது வழக்கம்; பிற ஊர்களிலோ பெண் புகுந்த வீடு செல்கிறாள். எவ்வாறாயினும் இருவருள் ஒருவர் பிறந்த வீட்டிற்கே விருந்தினராகிவிடுகிறார். காக்கா என்றும் லாத்தா என்றும் வாய்நிறைய அழைத்தவர்கள் பின்னர்ச் சந்திக்குங்கால், நலம் வினவியபின் பேசப் பொருளின்றி அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். சொத்துப் பங்கீட்டில் மனத்தாங்கல் கொண்டு முகம் திருப்பிக்கொள்வோரையும் காண்கிறோம். ஒருவர் பாலை ஊற்ற மற்றவர் கலக்கிய இரவுகள் சில நினைவில் இருந்தால், அத்தகைய வேளையிலும் வாயிற்கதவைத் தட்டும் துணிவு பிறக்கும். உம்மாவின் கைப்பக்குவம் எந்தப் பத்திரத்திலும் எழுதிப் பிரிக்கப்படாத சொத்து. அதனை மகள் மட்டுமே பெறுவானேன்? மகனும் பெறட்டும், தொலைவில் வாழ நேரினும் தன் மக்களுக்கு அச்சுவையை அவனே ஊட்டட்டும்.

பழகாத பிள்ளைகள் உள்ளே வந்தால் வேலை கெடும் என்று தாய்மார்கள் தயங்கலாம். அத்தயக்கம் நியாயமானதே. எனினும் பழக்காமல் பழக்கம் வருமா? முதலாண்டில் தேங்காய் துருவட்டும். மறு ஆண்டில் முட்டை அடிக்கட்டும். அதற்கடுத்த ஆண்டில் அடுப்பைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் முதலாண்டிலேயே கற்பித்தல் வேண்டும்: முட்டை வாடை நீங்கப் பாத்திரம் கழுவுதல். கிளறிவிட்டுப் பாராட்டுப் பெற்றுச் செல்பவன் சமைத்தவன் ஆகான்; கழுவிக் கவிழ்த்தவனே பணியில் பங்கு கொண்டவன்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது பழமொழி. தம்பி உடையாள் அடுப்புக்கு அஞ்ச வேண்டுமோ? இன்று உங்கள் தங்கையரும் தமக்கையரும் உங்களைப் போன்றே கல்லூரியில் பயில்கின்றனர். அவர்களுக்கும் தேர்வுண்டு, களைப்புண்டு, பிறை இரவின் மகிழ்ச்சியில் உரிமையுண்டு. மாணவச் செல்வங்களே! வரும் பெருநாளின் பிறைச் செய்தி வந்ததும் கடைத்தெருவுக்கு விரையாது, அடுக்களைக்குள் சென்று தேங்காய் துருவியைக் கையில் எடுங்கள். ஊர்ப் பெரியோர்களே! அதனைக் கண்டு நகையாது, நன்று என ஒரு சொல் கூறுங்கள். காலையில் வட்டிலப்பத்தை ஒரு கரண்டி எடுத்துச் சுவைப்போர், அது இருவர் கைப்பட்டது என்பதை அறிந்து சுவைக்கட்டும்.